குழாய் கம்பெனிப் பாட்டு

குழாய் கம்பெனியின் புகார் பிரிவில் வேலை பார்த்த அந்த மனிதனுக்கு அடையாள அட்டையில் ஒழுங்கான பேர் ஒன்று இருந்தது. ஆனால் அலுவலகம் முழுக்க அவனை ரீடேக் என்றுதான் கூப்பிட்டது. வாடிக்கையாளரிடம் போனில் பேசத் தொடங்கும்போது குரல் லேசாகப் பிசிறினால்கூட, "ஒரு நிமிஷம்" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிப்பான். எதிர்முனையில் இருக்கிறவர் குளியலறை வெள்ளத்தில் கணுக்கால் நனைய நின்றுகொண்டிருப்பார். அது அவன் கவலையில்லை. முதல் வரி சுத்தமாக விழவேண்டும்.

வேலையில் கெட்டிக்காரன். குழாய் ஒழுகுகிறது என்று யார் சொன்னாலும், குழாயில் ஒரு குறையும் இல்லை, உங்கள் வீட்டுத் தண்ணீரின் அழுத்தம்தான் சரியில்லை என்று தேன் ஒழுகப் பேசி நம்பவைத்துவிடுவான். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமெல்லாம் அவனுக்குக் கிடையாது. குறை எப்போதும் வேறெங்கோதான் இருக்கிறது என்று அவனே மனதார நம்பினான். சாயங்காலம் கிளம்பும்போது அந்த நம்பிக்கையை அலுவலக மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் வீட்டில் இருந்தவர்கள் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

வீடு மூன்றாம் மாடியில். அதில், பழைய சாமான் போட்டுவைக்கக் கட்டியிருந்த ஒரு குட்டி அறையை அவன் ஸ்டூடியோ ஆக்கியிருந்தான். எதிரொலி வரக்கூடாதென்று சுவரெல்லாம் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான். குளிர் வந்தால் குடும்பத்துக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. கூடவே இருந்த மாமியார் அந்த அறைக்கு வைத்த பேர் வண்ணான் ரூம். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, மின்விசிறி சுற்றக்கூடாது, மாமியார் இருமக்கூடாது. மகள் ஹாஸ்டலில் சேர்ந்தபோது படிப்புக்காக என்றுதான் சொன்னாள். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

கல்லூரி விழாவில் ஒருமுறை மேடையேறிப் பாடியிருக்கிறான். முடித்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தம் அவன் காதிலேயே குடியிருந்துவிட்டது. பாடி முடித்துவிட்டானே என்ற சந்தோஷத்தில் தட்டியிருக்கலாம் என்ற கோணத்தில் அவன் யோசித்ததேயில்லை.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில்தான் ஆரம்பித்தான். சொந்தப் பாட்டு ஒன்று. பல்லவி ஒரு டிராக், தாளம் ஒரு டிராக், கீபோர்டு ஒரு டிராக் என்று தனித்தனியாகப் பதிந்து அடுக்கிக்கொண்டே போனான். சரணம் வரை வந்ததும் ஏதோ உதைத்தது. பாட்டில் உயிர் இல்லை. யோசித்துப் பார்த்ததில் சாஃப்ட்வேர்தான் காரணம் என்று புரிந்தது. வேறொன்றுக்கு மாறினான். அதிலும் சரணத்தில் உதைத்தது. இன்னொன்றுக்கு மாறினான்.

இந்த மாற்றம் லேசுப்பட்டதல்ல. ஒரு சாஃப்ட்வேரில் சேமித்த பாட்டை இன்னொன்று திறந்துகூடப் பார்க்காது. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஒலிக்கோப்பாக வெளியே எடுத்து, புதியதில் கொண்டுபோய் அடுக்கி, எதிரொலி, குரலைச் சரிசெய்யும் கருவி என்று முன்பு போட்டிருந்த அலங்காரமெல்லாம் திரும்பப் போடவேண்டும். வீடு மாற்றுகிற மாதிரி. ரீடேக்குக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாடுவதைவிட அது சுலபமாக இருந்தது. சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால், குடித்தனம் எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள் இல்லையா.

முதல் தடவை மாற்றியபோது, துண்டு துண்டாகப் பாடி வைத்திருந்த வரிகளை அப்படியே துண்டுகளாக எடுத்துப் போட்டான். எந்தத் துண்டு பாட்டின் எந்த இடத்தில் வரவேண்டும் என்று புதிய சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே கொண்டுபோய்க் குவித்துவிட்டது. பட்டனை அழுத்தியதும் அவன் குரலே எட்டுப் பேராகப் பிரிந்து எட்டு வரியை ஒரே சமயத்தில் பாடியது. குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது. மாமியார் ஓடிவந்து, யார் வீட்டில் என்ன ஆயிற்று என்று பால்கனி வழியாக எட்டிப் பார்த்தார்.

அடுத்த தடவை இன்னொரு கோளாறு. இரண்டு சாஃப்ட்வேரும் ஒலியைப் பதிகிற வேகம் வேறு வேறாக இருந்ததால் பாட்டு மெதுவாகி, குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது. ஏதோ பெரிய உருவம் ஒன்று தூக்கத்தில் முனகுகிற மாதிரி இருந்தது. ரீடேக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இதுதான் என் நிஜக் குரல், இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது என்று மனைவியிடம் கேட்டான். அவளும் காதுகொடுத்துக் கேட்டாள். "நல்லா இருக்கு, யாரு இவரு?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் புறநோயாளிகள் பிரிவில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த நம்பர் எந்த அறைக்குப் போகவேண்டும் என்று நாள் முழுக்க அறிவிக்கிற வேலை அவளுக்கு. அழுகிற குழந்தை, இருமுகிற பெரியவர், வரிசைக்குள் புகப்பார்க்கிற ஆள் என்று அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அவள் சொல்கிற நம்பர் கடைசி நாற்காலி வரை போய்ச் சேரும். கத்தமாட்டாள். இரண்டாம் முறை சொல்லவும் மாட்டாள். வீட்டில் துணி மடிக்கும்போது தனக்குத்தானே பாடிக்கொள்வாள். ரெக்கார்டிங்குக்கு இடைஞ்சல் என்று அவன் கையைக் காட்டியதும் நிறுத்திவிடுவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த நாளில் கம்பெனிக்கு வெள்ளி விழா வந்தது. கம்பெனியை நடத்திவந்த எம்.டி. அம்மாவுக்கு, விழாவில் போட ஒரு பாட்டு வேண்டும் என்று ஆசை. வெளியில் கொடுக்காமல் நம் ஆட்களே செய்தால் நன்றாக இருக்கும் என்று கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். ரீடேக் கையைத் தூக்கினான். சொந்தமாக ஸ்டூடியோ இருக்கிறது என்றான். போர்வைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவன் எழுதிக்கொண்டுபோன பல்லவி 'சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்தோமே' என்று தொடங்கியது. எம்.டி. அம்மா காகிதத்தை வாங்கிப் படித்தார்.

"நம்ம கம்பெனிப் பாட்டுல சொட்டுன்னு வரலாமா?" என்று கேட்டார்.

'திறந்தால் தெளிவாய் வருவோமே' என்று மாற்றினான். அது தேறியது.

மெட்டு அவனே போட்டதுதான். அதில் குறை சொல்வதற்கில்லை, உண்மையிலேயே நல்ல மெட்டு. பாடுவதில்தான் தகராறு. சரணத்தில் மேலே ஏறுகிற இடம் வந்ததும் சுருதி அவனைக் கைவிட்டது. குரலைச் சரிசெய்யும் கருவியை வைத்து இழுத்துப் பார்த்தான், குரல் பிளாஸ்டிக் மாதிரி வந்தது. கடைசியில், அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டான்.

"முழுசா ஒரு தடவை பாடிக் குடு. சும்மா வழிகாட்டிக்குத்தான். அதைக் காதுல கேட்டுக்கிட்டே நான் பாடிடுவேன்" என்றான்.

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே போர்வைகளுக்கு நடுவில் நின்று, காகிதத்தைப் பார்த்து முதலிலிருந்து கடைசி வரை பாடிவிட்டு, பசிக்கிறது என்று சமையலறைக்குப் போய்விட்டாள். எப்படி இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்த டிராக்கைத் தன் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கிறபடி வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு வாரம் அதன் பின்னாலேயே பாடினான். ஒவ்வொரு வரியையும் எத்தனை தரம் பாடினான் என்று அவனுக்கே தெரியாது. வேலை முடிந்ததும் அவள் டிராக்கை மியூட் செய்தான், அதாவது வாயை அடைத்துவைத்தான். அழிக்கவில்லை. அழிக்கத் தோன்றாத அளவுக்கு அதை மறந்துபோனான்.

மனைவியின் தம்பி விளம்பரங்களுக்கு ஒலி சேர்க்கிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தான். டிராக்குகளை எல்லாம் கலந்து பாட்டாக்கித் தருவதற்கு அவன் ஒப்புக்கொண்டான். அவன் வைத்திருந்தது இவன் கேள்விப்பட்டிராத ஒரு சாஃப்ட்வேர். மறுபடியும் வீடு மாற்றம்தான். ஆனால் இந்தத் தடவை மச்சினன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். எல்லா டிராக்கும் ஒரே இடத்திலிருந்து, பாட்டின் தொடக்கத்திலிருந்து வரவேண்டும், நடுவில் சும்மா இருக்கிற நேரமும் சேர்த்து. எந்த அலங்காரமும் கூடாது, வெறும் குரல். பதிகிற வேகம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கவேண்டும். முக்கியமாக, எது என்ன என்று ஒவ்வொன்றுக்கும் பேர் போட்டு அனுப்புங்க அத்தான் என்றான்.

ரீடேக் முதல் மூன்றையும் பிசகாமல் செய்தான். பேர் போடுகிற வேலை குமாஸ்தா வேலையாகத் தோன்றியது. கேட்டால் தெரியாதா, எது யார் குரல் என்று? சாஃப்ட்வேரே வைத்த ஆடியோ ஒன்று, ஆடியோ இரண்டு என்ற பேர்களோடு மொத்தமாக ஏற்றி அனுப்பினான். வாய் அடைத்து வைத்திருந்த டிராக்கும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சேர்ந்தது. மியூட் என்பது அந்தந்த சாஃப்ட்வேருக்குள் மட்டும் செல்லுபடியாகிற உத்தரவு. வாசலைத் தாண்டினால் அதை யாரும் மதிக்கமாட்டார்கள்.

அந்தப் பக்கம் மச்சினன் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறான். ஒரு டிராக்கில் அவன் அக்கா, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, தெளிந்த தண்ணீர் மாதிரி. மற்ற குரல் டிராக்குகளிலெல்லாம் அத்தான், அதே பாட்டைத் தேடித் தேடி அலைகிறார். அக்காவைப் பாடகியாக முன்னால் வைத்தான். அத்தானின் டிராக்குகளை ஓரங்கட்டினான். அவன் நிஜமாகவே அப்படிப் புரிந்துகொண்டானா, தெரிந்தே செய்தானா என்பது அந்தக் குடும்பத்தில் இன்னும் தீராத விவாதம். அவன் இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரிக்கிறான்.

விழாவுக்கு முந்தின நாள் பாட்டு வந்து சேர்ந்தது. ரீடேக் அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் அவன் இன்னொரு புதிய சாஃப்ட்வேரைப் போட்டிருந்தான். போட்ட கையோடு கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் இரண்டும் வேலை செய்வது நின்றிருந்தது. போனில் கேளுங்களேன் என்றாள் மனைவி. இத்தனை உழைப்பை இத்தனூண்டு போன் ஸ்பீக்கரில் கேட்பது பாவம் என்று சொல்லிவிட்டான். ஹாலில், பெரிய ஸ்பீக்கரில், ஜனங்களோடு உட்கார்ந்துதான் கேட்பது என்று முடிவெடுத்து, கேட்காமலேயே கம்பெனிக்கு அனுப்பிவைத்தான்.

விழா மண்டபத்தில் அவன் இரண்டாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். மேடைக்கு எழுந்து போக வசதியான நாற்காலி. ஒரு பக்கம் மனைவி, அதற்கடுத்து மாமியார். விளக்கை மங்கலாக்கினார்கள். கீபோர்டு மெல்லத் தொடங்கியது, தாளம் சேர்ந்துகொண்டது. ரீடேக் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தான். பல்லவி வந்தது.

வந்தது பெண்குரல்.

கோப்பு மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். இரண்டாவது வரியில் குரல் புரிந்தது. பக்கத்தில் திரும்பினான். மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, அந்நியர் வீட்டில் தன் துணி காய்வதைக் கண்டவள் மாதிரி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குரல் வரும், தன் குரல் வரும் என்று அவன் பாட்டு முழுக்கக் காத்திருந்தான். கடைசிப் பல்லவியில் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் 'ஓ' என்றது. அதுதான் அவன்.

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. எம்.டி. அம்மா மைக்கில் அவனை மேடைக்கு அழைத்தார். ஏறினான். பாடினது யார் என்று கேட்டார். ரீடேக் இந்தப் பாட்டு எத்தனை சாஃப்ட்வேரைக் கடந்து வந்தது, ஒரு டிராக்கை ஏன் தொடக்கத்திலிருந்து எடுக்கவேண்டும் என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தான். கிடங்கு ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். எம்.டி. அம்மா அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டார்.

"பாட வச்சது நான்தான்" என்றான் ரீடேக்.

இரண்டாவது வரிசையிலிருந்து மாமியார் எழுந்து நின்றார். "பாடினது என் பொண்ணு" என்றார். மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்டது. குரல் அவர்கள் குடும்பச் சொத்து போலிருக்கிறது.

மனைவியை மேலே கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று தலையசைத்தவளை இரண்டு பேர் சேர்ந்து ஏற்றிவிட்டார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் அதை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கவேண்டுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்தாள். நாளெல்லாம் செய்கிற வேலை. எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள் என்று எம்.டி. அம்மா கேட்டார்.

"பயிற்சியெல்லாம் இல்லீங்க. வேலை விட்டு வந்ததும் ஒரே ஒரு தடவை பாடினேன். பசியா இருந்துச்சு" என்றாள்.

புகார் பிரிவு மொத்தமும் சிரித்தது. ரீடேக்கும் சிரித்தான். வேறு என்ன செய்வது?

வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே மச்சினனுக்குப் போன் போட்டான். "என் குரல் எங்கப்பா?" என்றான்.

"உங்களோடதைத்தான் வழிகாட்டின்னு நினைச்சேன் அத்தான். அக்கா அதைக் கேட்டுத்தான் பாடியிருக்கான்னு" என்றான் மச்சினன். கொஞ்சம் நிறுத்தி, "பேர் போட்டு அனுப்பியிருக்கலாம்ல" என்றான்.

வண்டியின் பின் இருக்கையில் மாமியார் இருமினார். அது இருமல்தானா என்று ரீடேக் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் போர்வை அறைக்குள் போய் உட்கார்ந்தான். ஸ்பீக்கரைச் சரிசெய்து, மச்சினனுக்கு அனுப்பிய அதே கோப்புகளை, எதிரொலியும் கருவியும் இல்லாத அந்த வெறும் குரலை, முதல்முறையாகத் தனியாகப் போட்டுக் கேட்டான். குரல் மோசம் என்று சொல்லமுடியாது. மோசமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அது பயந்த குரல். ஒவ்வொரு வரியையும், தப்பாக இருந்தால் திருப்பிப் பாடிவிடுகிறேன் என்று யாரிடமோ முன்கூட்டியே சொல்லிக்கொண்டு பாடுகிற குரல். அதன்மேல் இத்தனை வருஷமாக ஊற்றிவந்த அலங்காரமெல்லாம் எதற்கென்று அப்போது தெரிந்தது. பிறகு மனைவியின் டிராக்கைப் போட்டான். பாட்டு முடிந்து அவள் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து போகிற சத்தம்கூட அதில் பதிந்திருந்தது.

வெளியே வந்து மனைவியிடம் ஏதோ சொல்லப் போகிறவன் போல நின்றான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், என்ன என்பதுபோல நிமிர்ந்தாள்.

"அந்த மைக் பெண்குரலுக்குன்னே செஞ்சது போல இருக்கு" என்றான்.

"இருக்கும்" என்றாள்.

திங்கட்கிழமை அலுவலகம் போனால் அடுத்த அடி காத்திருந்தது. எம்.டி. அம்மா உத்தரவின்படி, வாடிக்கையாளர் போனில் காத்திருக்கிற நேரத்தில் ஒலிக்க அந்தப் பாட்டை ஏற்றியிருந்தார்கள். முன்பெல்லாம் எடுத்ததுமே திட்டுகிறவர்கள், இப்போது பாட்டைக் கேட்டுவிட்டுச் சாந்தமாக வந்தார்கள். ஒரு பெரியவர், குழாய் ஒழுகுவது இருக்கட்டும், சரணம் பாதியில் நிற்கிறது, என்னை மறுபடி காத்திருப்பில் போடுங்கள் தம்பி என்று கேட்டார். ரீடேக் போட்டான். அவர் திரும்பி வரவேயில்லை, பாட்டைக் கேட்டதோடு போனை வைத்துவிட்டார். புகார்களின் எண்ணிக்கை இறங்கியதற்காகப் பிரிவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கடிதத்தில் அவன் பேர் இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

அடுத்து மச்சினன் ஒரு வேலை கொண்டுவந்தான். லிஃப்ட் செய்கிற கம்பெனி ஒன்றுக்கு அறிவிப்புக் குரல் வேண்டும். கதவு மூடுகிறது, கதவு திறக்கிறது, மேலே, கீழே, மாடி எண்கள். அக்கா பேசட்டும் என்றான். அவள் யோசித்தாள். கணவனைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் பேசுறேன். நீங்க பதிவு பண்ணிக் குடுங்க. பேர் போட்டு அனுப்புங்க. நடுவுல எதையும் தொடாதீங்க."

ரீடேக் ஒத்துக்கொண்டான். உண்மையைச் சொன்னால் அந்த வேலையை அவன் அழகாகச் செய்தான். எல்லாம் தொடக்கத்திலிருந்து வந்தன, பதிகிற வேகம் பிசகவில்லை, 'கதவு மூடுகிறது', 'மூன்றாம் மாடி' என்று ஒவ்வொரு கோப்புக்கும் பேர் இருந்தது. மச்சினன் திறந்ததும் அப்படியே பொருந்தியது. இத்தனை சாஃப்ட்வேர் ஏறி இறங்கியதில் அவன் கற்றுக்கொண்டது இதுதான், இது மட்டும்தான். அலுவலகத்தில் தன்னைத் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினான். சுருக்கமாக, அடக்கமாக, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

ஆனால் கை சும்மா இருக்குமா? 'கதவு மூடுகிறது' ரொம்ப வெறுமையாக இருப்பதாக அவனுக்குப் பட்டது. கீழ் ஸ்தாயியில் ஒரு துணைக்குரல் இருந்தால் வாக்கியத்துக்குக் கனம் கூடும். அனுப்புவதற்கு முன், மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில், அந்த ஒரு வரியில் மட்டும், கேட்டும் கேட்காத சத்தத்தில் தன் குரலைச் சேர்த்துக் கலந்து அதே பேரில் அனுப்பிவைத்தான். மச்சினன் அவசரத்தில் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்து லிஃப்ட் கம்பெனியிலிருந்து மச்சினனுக்குப் போன் வந்தது. குரல் பிரமாதம், எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றார்கள். ஒரே ஒரு சந்தேகம். கதவு மூடும்போது உள்ளேயிருந்து ஓர் ஆண் முனகுகிற சத்தம் வருகிறது. இரண்டு தடவை லிஃப்டை நிறுத்தித் திறந்து பார்த்துவிட்டோம், யாரும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை என்றார்கள்.